தீபாவளி விருந்தும் யூரிக் அமிலமும்: எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்கலாம்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தங்காக்கில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். லேடாங் மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஜொகூர் நகரத்துக்குத் துணிக்கடைகள்தான் அடையாளம். மூவார், மலாக்கா பக்கமிருந்தெல்லாம் துணி எடுக்க வருவார்கள். துணி எடுத்து முடிந்ததும் அடுத்த பேச்சு சாப்பாடுதான். "இந்த வருஷம் ஆடு எத்தனை கிலோ சொல்லியிருக்கீங்க?"

தீபாவளி முடிந்த மறுநாள் காலையில் பல வீடுகளில் இன்னொரு பேச்சு கேட்கும். "அப்பாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கிடுச்சு. போர்வை பட்டாலே கத்துறாரு."

இதுதான் கவுட். தமிழில் கீல்வாதம் என்றும் சொல்வதுண்டு. இந்த நோய் உள்ளவர்களிடம் வீட்டில் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள். ஒன்று, "ஒரு நாள்தானே, சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது." இல்லையென்றால், "உங்களுக்கு எதுவுமே கிடையாது, ரசமும் சோறும் மட்டும்தான்." இரண்டுமே சரியில்லை. பியூரின் குறைவான உணவுமுறையில் இருப்பவர்களும் பண்டிகை இலையில் உட்காரலாம். எது உண்மையில் சிக்கல், எது வீண் பயம் என்று தெரிந்தால் போதும்.

கவுட் என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் பியூரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பழைய உயிரணுக்கள் அழியும்போது அது வெளிவரும். நாம் சாப்பிடும் இறைச்சி, மீன், தானியம் எல்லாவற்றிலும் அது உண்டு. உடல் இந்தப் பியூரினை உடைக்கும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் அமிலம்.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிக் அமிலத்தை மேலும் கரைக்கும் ஒரு நொதி இருக்கிறது. மனிதனுக்கு அது இல்லை, பரிணாமத்தில் இழந்துவிட்டோம். அதனால் சிறுநீரகமும் குடலும்தான் அதை வெளியேற்ற வேண்டும். சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகப் போகிறது.

சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றவில்லை என்றால் ரத்தத்தில் அளவு ஏறும். லிட்டருக்கு ஏறக்குறைய 400 மைக்ரோமோலைத் தாண்டினால், தண்ணீரில் உப்பு அதிகமாகிப் படிவதைப் போல, ஊசி மாதிரியான படிகங்கள் மூட்டுகளில் உருவாகலாம். உடலிலேயே சற்றுக் குளிர்ச்சியான இடம் கால் விரல்கள். அங்கே படிகம் எளிதில் சேரும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் படிகங்களைத் தாக்கும்போதுதான் அந்த வீக்கம், சிவப்பு, தாங்க முடியாத வலி எல்லாம் வருகின்றன. பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தொடங்கும்.

யூரிக் அமிலம் அதிகமாக இருக்கும் எல்லாருக்கும் கவுட் வருவதில்லை. ஆனால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

பண்டிகை சமயத்தில் ஏன் தாக்குகிறது?

மலேசியத் தமிழர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம். அது முடிந்ததும் தீபாவளி. முதல் நாள் முன்னோருக்குப் படையல்: அவர்களுக்குப் பிடித்த ஆட்டுக்கறி, ஈரல், முட்டை, இறால். சில வீடுகளில் தாத்தாவுக்குப் பிடித்த பீரும் வைப்பார்கள். படைத்ததை எல்லாம் பிறகு யார் சாப்பிடுவது? நாம்தான். மறுநாள் காலையில் தோசையோடு ஆட்டுக்கறி. மதியம் விருந்து. மாலையில் நண்பர் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பு.

உடல் இதை எப்படிப் பார்க்கிறது? ஒரு மாதம் குறைவாக வந்த பியூரின், இரண்டே நாளில் வெள்ளமாக வருகிறது.

அமெரிக்காவில் கவுட் உள்ள 633 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. பியூரின் மிக அதிகமாகச் சாப்பிட்ட இரண்டு நாளையும், மிகக் குறைவாகச் சாப்பிட்ட இரண்டு நாளையும் அது ஒப்பிட்டது. அதிகமாகச் சாப்பிட்டபோது மறுபடி தாக்குதல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு. இரண்டு நாள் என்பதைக் கவனியுங்கள். படையல் நாளும் பண்டிகை நாளும் சேர்ந்தால் சரியாக அந்தக் கணக்குதான்.

இதோடு மற்ற விஷயங்களும் சேரும்: தூக்கமில்லாத இரவு, வெயிலில் அலைச்சல், தண்ணீர் குடிக்க மறந்துபோவது, குளிர்பானம், மது. எந்த ஒன்றும் தனியாகக் குற்றவாளி இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் சேர்வதுதான் ஆபத்து.

எதில் எவ்வளவு பியூரின்?

ஜப்பானிய ஆய்வாளர்கள் நூற்றுக்கணக்கான உணவுகளை அளந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து நம் இலைக்குத் தேவையானவை மட்டும் இங்கே. 100 கிராமுக்குத் தோராயமான அளவு:

- உலர்ந்த நெத்திலி வகை: சுமார் 750 மி.கி.
- கோழி ஈரல்: 300 மி.கி.க்குச் சற்று மேல்
- மத்தி மீன்: சுமார் 210 மி.கி.
- கணவாய்: சுமார் 185 மி.கி.
- இறால்: வகையைப் பொறுத்து 150 முதல் 200 மி.கி.
- கோழி இறைச்சி: 120 முதல் 140 மி.கி.
- ஆட்டிறைச்சி: சுமார் 95 மி.கி.
- உலர்ந்த பயறு, பருப்பு வகைகள் பல: சுமார் 75 மி.கி.
- தோஃபு: சுமார் 30 மி.கி.
- வெள்ளை அரிசி: சுமார் 25 மி.கி.
- பால், முட்டை: கிட்டத்தட்ட பூஜ்யம்

ஆட்டுக்கறி இருக்கும் இடத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். "கவுட்டா? ஆட்டுக்கறியை நிறுத்துங்க" என்பதுதான் முதல் அறிவுரை. ஆனால் அளவில் அது கோழிக்கும் கீழே. பெரிய சிக்கல் ஆட்டின் உள்ளுறுப்புகள்தான்: ஈரல், குடல், மூளை, சுவரொட்டி. அப்புறம், யாரும் கணக்கில் சேர்க்காத நெத்திலிச் சம்பல்.

ஆனால் அளவும் முக்கியம். 100 கிராம் காய்ந்த நெத்திலியை ஒரே வேளையில் யாரும் சாப்பிடுவதில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் என்றாலும் 150 மி.கி. வந்துவிடும். 100 கிராம் ஆட்டுக்கறியை விட அது அதிகம்.

ஒரே விருந்து, இரண்டு தட்டு

ஜப்பானில் கவுட் உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி.க்குள் பியூரின் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதை ஓர் அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் தட்டு: ஆட்டுக்கறி 100 கிராம், கோழி ஈரல் பெரட்டல் 50 கிராம், நெத்திலிச் சம்பல் 20 கிராம், இறால் 75 கிராம். கூட்டினால் 95, 155, 150, 130. மொத்தம் சுமார் 530 மி.கி. ஒரே வேளையில் ஒரு நாள் அளவு தாண்டிவிட்டது. இன்னும் சோறு கணக்கில் வரவில்லை.

இரண்டாவது தட்டு: அதே ஆட்டுக்கறி 100 கிராம். இரண்டு முட்டை. சாம்பாரில் 30 கிராம் பருப்பு. 100 கிராம் அரிசிச் சோறு. கத்திரிக்காய்ப் பொரியல், தயிர்ப் பச்சடி, அப்பளம். மொத்தம் 170 மி.கி.க்கு அக்கம்பக்கம்.

இரண்டாவது தட்டில் உட்கார்ந்தவர் தீபாவளியைத் தவறவிடவில்லை. ஆட்டுக்கறியும் சாப்பிட்டார். ஈரல், நெத்திலி, இறால் மூன்றையும் ஒரே நாளில் அடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதிலிருந்து எளிதான விதி ஒன்று கிடைக்கிறது. ஒரு வேளைக்கு ஒரே ஓர் அசைவம். உள்ளங்கை அளவு. உள்ளுறுப்பு வேண்டாம். மற்றதெல்லாம் முட்டை, காய், தயிர், பருப்பு.

"பருப்பு சாப்பிடாதே" என்பது சரியா?

கவுட் வந்தவுடன் நம் வீடுகளில் முதலில் நிறுத்துவது பருப்பைத்தான். சாம்பார் கூடாது, வடை கூடாது, தக்காளி கூடாது, கீரை கூடாது. "உளுந்துல யூரிக் ஆசிட் இருக்காம்" என்று இட்லியைக்கூட ஒதுக்கி வைப்பார்கள்.

பருப்பில் பியூரின் இருப்பது உண்மை. ஆனால் அது கவுட்டைக் கொண்டுவருகிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டு பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. அந்தக் காலத்தில் 730 பேருக்குப் புதிதாகக் கவுட் வந்தது. இறைச்சி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து சுமார் 40 விழுக்காடு கூடியது. கடலுணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சுமார் 50 விழுக்காடு. பியூரின் உள்ள காய்கறி, பருப்பு வகைகள் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. பால் உணவு அதிகம் சேர்த்தவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

2012 ஆய்விலும் இதே திசைதான். விலங்குணவுப் பியூரின் தாக்குதல் வாய்ப்பைச் சுமார் 2.4 மடங்காக்கியது. தாவரப் பியூரினுக்கு அது 1.4 மடங்கு மட்டுமே.

இந்தப் பயம் நமக்கு மட்டும் இல்லை. பிலிப்பீன்ஸில் பாசிப்பயறுக்கு மொங்கோ என்று பேர். அங்கே மொங்கோ கஞ்சி வீட்டுச் சாப்பாடு. கவுட் என்றதும் அங்கேயும் முதலில் பழி விழுவது மொங்கோ மேல்தான். நம் தீபாவளி நெய் உருண்டையும் அதே பாசிப்பயறு மாவில் செய்வதுதான். அதில் கவனிக்க வேண்டியது சர்க்கரையும் நெய்யும். பயறு இல்லை.

பருப்பை நிறுத்துவதால் இன்னொரு பாதிப்பும் உண்டு. பருப்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பெரும்பாலும் கோழியோ கருவாடோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படியென்றால் பியூரின் ஏறத்தான் செய்யும். ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவு வேறு கணக்கு. அவர்கள் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிலிப்பீன்ஸ் பண்டிகைச் சாப்பாட்டில் நமக்கு என்ன பாடம்?

பிலிப்பீன்ஸ் மக்களின் கிறிஸ்துமஸ் இரவு விருந்துக்கு நோச்சே புவேனா என்று பெயர். நள்ளிரவு வழிபாடு முடிந்து குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும். நடுவில் லெச்சோன் என்ற முழுப் பன்றி வாட்டல் இருக்கலாம். ரத்தமும் உள்ளுறுப்பும் சேர்த்துச் செய்யும் டினுகுவானும் விருந்துகளில் வரும். பியூரின் கணக்கில் டினுகுவான் நம் ஈரல், குடல் வறுவலுக்கு அண்ணன்.

ஆனால் அதே மேசையில் வேறு உணவுகளும் உண்டு. பிபிங்கா என்பது அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சுடும் பலகாரம். லெச்சே ஃப்ளான் முட்டையும் பாலும் சேர்ந்த இனிப்பு. பான்சிட் காய்கறி போட்ட நூடுல்ஸ். பியூரின் குறைவாக வேண்டும் என்பவர் அந்த மேசையிலும் வயிறாரச் சாப்பிடலாம். சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆப்பம், இடியாப்பம், புட்டு, பால் பாயசம் எல்லாம் அதே குடும்பம்தான்.

இன்னொரு பாடமும் இருக்கிறது. சொந்த நாட்டில் வாழ்ந்த பிலிப்பீன்ஸ் மக்களையும் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களையும் 1960-களில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். குடியேறியவர்களுக்கு யூரிக் அமிலம் அதிகமாக இருந்தது. பரம்பரையாகவே அவர்களின் சிறுநீரகத்துக்கு அதை வெளியேற்றும் திறன் சற்றுக் குறைவு. புது நாட்டின் இறைச்சி மிகுந்த உணவு அந்தக் குறையை வெளியே கொண்டுவந்தது என்று விளக்கினார்கள். பரம்பரையும் தட்டும் சேர்ந்துதான் இந்த நோய். "நாக்கைக் கட்டத் தெரியல, அதான் வந்துச்சு" என்று அப்பாவையோ மாமாவையோ குத்திப் பேசுவதில் நியாயம் இல்லை.

குடிக்கிற விஷயம்

தட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். கையில் இருக்கும் குவளையை மறந்துவிடுகிறோம்.

- பீர்: இதில் பியூரினும் இருக்கிறது, மதுவும் இருக்கிறது. மது உடலில் யூரிக் அமில உற்பத்தியைக் கூட்டும். சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் தடுக்கும். கவுட்டுக்கு மிக மோசமான பானம் இதுதான். விஸ்கி, பிராந்திக்கும் ஆபத்து உண்டு. "பீர்தான் கூடாது, விஸ்கி பரவாயில்லை" என்பது தப்புக் கணக்கு.
- இனிப்புப் பானம்: சீராப், டின் குளிர்பானம், பெட்டிச் சாறு. இவற்றில் பியூரின் இல்லை. ஆனால் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் அதை வேகமாகக் கையாளும்போது பக்கவிளைவாக யூரிக் அமிலம் உருவாகும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புக் குளிர்பானம் குடித்த ஆண்களுக்குக் கவுட் ஆபத்து 85 விழுக்காடு அதிகமாக இருந்தது.
- மோர், பால்: தாராளமாகக் குடிக்கலாம். மோரில் கருவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டால் விருந்துக்கு நல்ல துணை.
- காப்பி, தேநீர்: தடை இல்லை. தெஹ் தாரிக்கில் இனிப்புப் பால் அளவை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.
- தண்ணீர்: விருந்து நாளில் கையோடு ஒரு பாட்டில் இருக்கட்டும். இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக்கூடாது.

வீட்டில் வடையை நிறுத்திவிட்டு டின் பானத்தை மேசையில் அடுக்கி வைப்பது பல இடங்களில் நடக்கிறது. மாற்றிச் செய்வதுதான் சரி.

சமையலறையில் என்ன மாற்றலாம்?

பியூரின் தண்ணீரில் கரையும். இறைச்சியை வேகவைத்தால் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் இரண்டு விஷயம்.

ஒன்று, எலும்பு சூப், ஆட்டுக்கால் சூப் கவுட் உள்ளவர்களுக்கு ஏற்றதில்லை. கறியை விட்டுவிட்டு "சூப் மட்டும் குடிக்கிறேன்" என்பது உதவாது. தங்காக்கில் பேர்போன மாட்டிறைச்சி மீ சாப்பிடும் பழக்கம் உள்ள நண்பர்களுக்கும் இது பொருந்தும். மீயைச் சாப்பிடலாம். உள்ளுறுப்பைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குழம்பைக் கிண்ணத்தில் மிச்சம் வைக்கலாம்.

இரண்டு, வீட்டில் சமைக்கும்போது ஆட்டுக்கறியை முதலில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் பெரட்டல் செய்யலாம். பியூரின் முழுதும் போகாது, கொஞ்சம் குறையும். மசாலா நன்றாக வதங்கினால் சுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இன்னும் சில வழிகள்:

- கறியில் உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கத்திரிக்காய் சேர்த்தால் கறித்துண்டு குறைவாக இருந்தாலும் கிண்ணம் நிறையும்.
- நாசி லெமாக் செய்தால் நெத்திலியைச் சம்பலோடு கிளறாமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். அவித்த முட்டை கூட ஒன்று வைக்கலாம்.
- படையலில் ஈரல் வைப்பது குடும்ப வழக்கம் என்றால் வையுங்கள். கொஞ்சமாக. அதைக் கவுட் இல்லாதவர்கள் பகிர்ந்து சாப்பிடட்டும்.
- முறுக்கு, அதிரசம், ஓமப்பொடியில் பியூரின் குறைவு. ஆனால் எண்ணெயும் சர்க்கரையும் எடையைக் கூட்டும். உடல் எடை கூடினால் யூரிக் அமிலமும் கூடும். எண்ணிச் சாப்பிடுங்கள்.

விருந்துக்கு முன்னால் நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் நல்லதில்லை. பட்டினியின்போது உடலில் உருவாகும் சில அமிலங்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலத்தோடு போட்டிபோடும். அது வெளியேறுவது குறையும்.

சாப்பாட்டை மாற்றினால் மட்டும் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதாது. இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான்.

உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. மீதி நம் உடலே உற்பத்தி செய்வது. கடுமையான பத்தியம் இருந்தாலும் ரத்த அளவு பெரும்பாலும் 60 மைக்ரோமோல் அளவுக்குத்தான் இறங்கும். கவுட் உள்ளவருக்கான இலக்கு 360-க்குக் கீழே. ஒருவருக்கு 540 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தியத்தால் 480 ஆகும். இன்னும் 120 இருக்கிறதே, அதற்கு என்ன வழி?

அதற்குத்தான் அலோபியூரினால் போன்ற மருந்து. உடல் யூரிக் அமிலத்தை உருவாக்குவதை அது குறைக்கும். 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. இதை உருவாக்கிய பணியில் இருந்த ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவருக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியச் சுகாதார அமைச்சு 2021-இல் வெளியிட்ட கவுட் சிகிச்சை வழிகாட்டியிலும் இந்த மருந்துக்கு முக்கிய இடம் உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம்.

பலர் செய்யும் தவறு இதுதான்: வலி போனதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. வலி இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. படிகம் உள்ளே சேர்ந்துகொண்டேதான் இருக்கும். பல ஆண்டு கவனிக்காமல் விட்டால் மூட்டுகளில் கட்டி வரும், மூட்டு வளையும், சிறுநீரகத்தில் கல் வரலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் தாக்குதல் வரலாம். பழைய படிகங்கள் கரையத் தொடங்குவதால் வருவது அது. "மருந்து ஒத்துக்கல" என்று நாமாக முடிவெடுத்து நிறுத்தக்கூடாது. அதற்கு மருத்துவர் துணை மருந்து கொடுப்பார். ஆனால் தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது அரிதானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது.

ரத்த அழுத்தத்துக்கான சில நீர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். அவற்றையும் தானாக நிறுத்தக்கூடாது. "எனக்குக் கவுட் இருக்கு, இந்த மாத்திரை பரவாயில்லையா?" என்று மருத்துவரிடம் கேட்டால் போதும்.

தாக்குதல் வந்துவிட்டால்?

- காலை உயர்த்தி வைத்து ஓய்வு எடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். உருவிவிடுவது, நீவிவிடுவது வேண்டாம்.
- சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் வலி அடங்கும்.
- ஏற்கெனவே அலோபியூரினால் எடுப்பவர் அதைத் தொடர வேண்டும்.
- காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.
- வலி இருக்கும்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவிலேயே இருக்கலாம். அதை வைத்து "கவுட் இல்லை" என்று சொல்லிவிட முடியாது. வலி அடங்கிச் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை அள்ளிப் போடுவது ஆபத்து. மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர் சில வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் யூரிக் அமிலம் இன்னும் ஏறும்.

பசார் மாலாமிலும் இணையத்திலும் "மூட்டுவலிக்கு ஒரே மாத்திரை" என்று விற்பார்கள். போட்டவுடன் வலி பறந்துவிடும். இப்படிப் பதிவு பெறாத பொருள்களில் டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

இதைப் படிக்கும் பலருக்குக் கவுட் இருக்காது. அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ இருக்கும். சந்தைக்குப் போவது, வாட்ஸ்அப்பில் வரும் "யூரிக் அமிலம் கரைக்கும் சாறு" செய்தியைப் பார்ப்பது, மருந்துப் பெட்டியில் இருப்பதைப் படித்துச் சொல்வது எல்லாம் நீங்கள்தான்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள்: "அப்பா, மாத்திரை தீர்ந்துடுச்சா? அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் எப்போ?" தீபாவளி விடுமுறையில் மருந்து தீர்ந்துபோவது சாதாரணமாக நடப்பது. கடைசியாக எடுத்த யூரிக் அமில அளவு எவ்வளவு என்றும் கேட்டு, கைப்பேசியில் குறித்து வையுங்கள். 360-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க அந்த ஒரு எண் போதும்.

விருந்து நாளில் அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்க வேண்டாம். அவர் இலையில் ஆட்டுக்கறி இரண்டு துண்டு, முட்டை, பருப்பு, தயிர் எல்லாம் வையுங்கள். பக்கத்தில் டின் பானத்துக்குப் பதில் மோர். ஈரல் கிண்ணத்தை மேசையின் மறுமுனைக்கு நகர்த்திவிடுங்கள்.

மறுநாள் காலையில் அவர் சொந்தக் காலில் நடந்து வந்து, "நேத்து கறி நல்லா இருந்துச்சு, மிச்சம் இருக்கா?" என்று கேட்கட்டும்.